கட்டத்துக்குள் வராத ரோஸ்லின் அக்கா

மகள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். இன்று காலை சுவரில் வெள்ளைப் பலகை மாட்டி, மார்க்கரால் கட்டங்கள் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த மை வாசனை மூக்கில் ஏறியதும், தூத்துக்குடித் துறைமுகச் சாலையில் நான் வேலை பார்த்த கப்பல் ஏஜென்சியின் நீளமான கூடத்துக்குப் போய்விட்டேன். திறந்த ஜன்னல் வழியே உப்புக்காற்று வரும். காகிதங்களின் மேல் சங்குகளை வைத்திருப்போம்.

அந்தக் கூடத்தில் சுங்கப் பத்திரத்துக்கு ஒரு மேசை, பெட்டிகளை அடுக்கும் யார்டுக்கு ஒன்று, லாரிக்கு ஒன்று. ஒரு கண்டெய்னர் பெட்டி கப்பலேற ஒரு வியாபாரி எல்லா மேசையையும் சுற்றவேண்டும். இனி ஒரு வாடிக்கையாளருக்கு ஒரே ஆள்தான் முழுப் பொறுப்பு என்று சென்னைத் தலைமையகம் முடிவெடுத்தது. அதை நடத்திக்காட்டும் வேலை எனக்கு வந்தது. இரண்டு நாள் பயிற்சிக்குப் போய் வந்த ஒரே ஆள் நான்தான், வேறு தகுதி இல்லை. பெரிய தாளில் ஆளுக்கொரு கட்டமும் அம்புகளும் வரைந்து ஒட்டினேன். என்ன அழகான அம்புகள் தெரியுமா! ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

டெலிபோன் போர்டில் இருந்த ரோஸ்லின் அக்கா மட்டும் வந்து நின்றார். மணப்பாட்டுக்காரர். வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இதுல நா எங்கன இருக்கேன்?"

அவருக்கு நான் கட்டமே போடவில்லை. நீக்கவேண்டிய வேலைகள் என்று நான் போட்ட பட்டியலில் அவருடைய வேலையும் இருந்தது. நான் டீ குடிக்கப் போய்விட்டேன்.

புது ஏற்பாடு தொடங்கிய மூன்றாம் நாள், வேம்பார் வியாபாரி ஒருவரின் அவுரி இலைப் பெட்டி மாட்டிக்கொண்டது. துறைமுகத்துக்குள் நுழையத் தேவையான கேட் பாஸை மற்றவர் டிரைவரிடம் கொடுப்பார் என்று ஒவ்வொருவரும் இருந்துவிட்டார்கள். கேட்டில் திருப்பி அனுப்பப்பட்ட லாரி ஊருக்கே கிளம்பிவிட்டது. கப்பலுக்கு மாலை வரைதான் நேரம். அது அவருக்கு முதல் ஏற்றுமதி. போனில் அவர் குரல் உடைந்தது. நான் என் தாளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ரோஸ்லின் அக்கா பதறவில்லை. பாஸ் பழைய யார்டு மேசை டிராயரில் இருக்கும் என்றார், இருந்தது. கைபேசி எல்லோரிடமும் வராத காலம். டிரைவர் வழக்கமாக நிறுத்தும் டீக்கடைக்குப் போன் போட்டார். "ஏலே முருகா, வண்டியத் திருப்பு. பாஸோட ஆளு கேட்டுல நிக்கான்."

பெட்டி கப்பலேறியது.

மறுநாளிலிருந்து ஒரு வாரம் அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். யார் சரக்கு எங்கே நிற்கிறது, எந்த டிரைவருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் கல்யாணம், எல்லாம் அந்தத் தலைக்குள் இருந்தன. நாங்கள் கொண்டுவர நினைத்த மாற்றத்தை அவர் எத்தனையோ வருஷமாகச் செய்துகொண்டிருந்தார். சென்னைக்குப் போன் செய்து, பட்டியல் தப்பு, அதைப் போட்ட நானும் தப்பு என்றேன். மேலாளர், மூன்று மாதம் பார்க்கலாம் என்றார்.

வாசல் பக்கம் அக்காவுக்கு மேசை போட்டோம். மற்றவர்கள் அவரைப் பார்த்துப் பார்த்தே புது முறையைப் பழகிக்கொண்டார்கள். மூன்று மாதம் கழித்து அவர் வேலையை நீக்கும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அக்கா ஓய்வுபெறும்வரை அந்த மேசையில்தான் இருந்தார்.

பிறகு எல்லாம் கணினித் திரைக்குள் போயிற்று. பெட்டி எங்கே நிற்கிறது என்று வியாபாரியே கைபேசியில் பார்த்துக்கொள்கிறார். நல்லதுதான், குறை சொல்ல எனக்கு மனசில்லை. கூடத்தைத் தடுத்துச் சின்னச் சின்ன அறைகளாக்கிவிட்டார்கள். ஜன்னல்களை மூடி ஏசி வைத்துவிட்டார்கள். முன்பெல்லாம் "ஹலோ" என்ற ஒரு சொல்லிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடும். இப்போது அந்த அலுவலகத்தில் யாருக்கும் யாருடைய குரலும் தெரியாது.