கே.கே. நகரில் வைத்த நிழல்

குவைத்தில் நடுப்பகலில் தெருவில் ஆளே இருப்பதில்லை. ஏதோ கலவரம் என்று முதல் நாள் பயந்துபோனேன். வெயிலுக்குத்தான் கடைகளை அடைக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. எங்கள் மதுரையில் அக்கினி நட்சத்திரத்திலும் கடைத்தெருவில் தோள் இடிக்காமல் நடக்க முடியாது. இங்கே சாலையோர மரங்களுக்குத் தண்ணீர் விடும் லாரியில் எனக்கு வேலை. ஊரில் என்ன செய்தாய் என்று எகிப்துக்கார இன்ஜினியர் கேட்டார். தெரிந்த ஆங்கிலத்தில் 'ஷேட்' என்றேன். குடை விற்றவன் என்று எண்ணிக்கொண்டார்.

நான் நிழலை விற்கவில்லை, வளர்த்தேன். நகரத்துச் சூட்டைத் தணிக்க அரசு சாலையோரம் மரம் நடச் சொன்ன எழுபதுகளின் கடைசியில், மாநகராட்சி வேலையில் மதுரை கே.கே. நகரில் ஒரு தெரு முழுக்க என் மேற்பார்வை. ஆஸ்பத்திரிக்குக் கைக்குழந்தையோடு வந்த பெண்கள் அங்கே தார் இளகும் வெயிலில் பஸ்ஸுக்கு நிற்பார்கள். புங்கையும் வேம்பும் வைத்தோம். சித்திரையில் ஊருக்கே குடிதண்ணீர் போதவில்லை. கன்றுகளுக்குத் தண்ணீர் விட்ட லாரிகள் அதற்குப் போயின, அது நியாயம்தான். கன்றுகளை விட்டுவிடுங்கள், மழைக்குப் பின் புதிதாக வைக்கலாம் என்றார்கள் அதிகாரிகள். என்னோடு வேலை பார்த்த முத்துப்பேச்சிக்கு மனசு கேட்கவில்லை. பேரையூர்ப் பக்கம் வெள்ளாமை பொய்த்துப் பிழைக்க வந்தவள் அவள். வீடுவீடாகப் போய் அரிசி கழுவிய தண்ணீரைக் கேட்டாள். வேர் ஓடிச் சுவர் பிளக்கும் என்று ஒரு வாத்தியார் வாசலிலேயே மறித்தார். அவள் குரலை உயர்த்தவில்லை.

"பொளந்தா நானே வந்து வெட்டிப்புடுறேன் சார். அம்புட்டு வருசம் நெழல்ல இருந்திருப்பீகல்ல?"

அவர் உள்ளே போய் ஒரு வாளியோடு வந்தார். பிறகு தெருவே வாளி தூக்கியது, நானும்தான். சில கருகின. ஆடியில் மற்றவை துளிர்த்தபோது, முத்துப்பேச்சி ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துக்கொண்டே தெருக்கோடிவரை நடந்தாள்.

போன விடுமுறையில் ஊருக்குப் போனேன். முத்துப்பேச்சி இப்போது மாநகராட்சி நாற்றுப்பண்ணையில் நிரந்தர வேலையில் இருக்கிறாள். கே.கே. நகரில் பஸ்காரர்கள் நிறுத்தத்தைத் தாண்டி வந்து புங்கை மரத்தடியில்தான் நிறுத்துகிறார்கள். நிறுத்தப் பலகை வெயிலில் தனியே நிற்கிறது. அண்ணாந்து பார்த்தபடி ஓரமாக நின்றேன். பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் எனக்காக நகர்ந்தாள்.

"ஊருக்குப் புதுசாண்ணே? இங்கிட்டு வந்து நில்லுங்க, வெயில் படாது."

நெஞ்சு நிறைந்தது. ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, விருந்தாளியைப் போல அந்த நிழலுக்குள் போய் நின்றேன்.