வேகம் தெரியாமல் எடுத்த படம்

என் அக்கா மகள் நிலத்தைத் தட்டி, அது திருப்பிச் சொல்வதைக் கேட்டு, உள்ளே இருப்பதைப் படமாக வரையும் படிப்புப் படிக்கிறவள். நான் திண்டுக்கல்லில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்ப்பவன். அதுவரை நான் தூக்கியதிலேயே கனமானது பேரகராதியின் ஒரு தொகுதிதான். இதையெல்லாம் நன்கு தெரிந்தும், சம்மட்டி அடிக்க நானே சரியான ஆள் என்று குடும்பம் ஒருமனதாக முடிவு செய்தது. என் குடும்பம் ஒருமனதாக எடுத்த முடிவுகள் எல்லாமே என்னைப் பற்றியவைதான்.

விஷயம் இதுதான். நிலக்கோட்டைப் பக்கம் மச்சானுக்கு மல்லிகைக் காடு இருக்கிறது. கிணறு வற்றிவிட்டது. போட்ட இரண்டு போர்களிலும் புகைதான் வந்தது. மூன்றாவதும் பொய்த்தால் செடிகளைப் பிடுங்கிவிட்டு நிலத்தைச் சும்மா போடுவது என்று மச்சான் முடிவு கட்டியிருந்தார். போர் வண்டி வெள்ளிக்கிழமை வருவதாக ஏற்பாடு. ஈசானி மூலையில் போடுவதாக எண்ணம்.

"அதுக்கு முன்னாடி எனக்கு ரெண்டே நாள் குடுங்கப்பா" என்றாள் மகள். நம்பிக்கை வந்து அல்ல, அவள் படிப்பு சம்பந்தமாக அவரிடம் கேட்ட முதல் விஷயம் அது என்பதால் மச்சான் சரி என்றார்.

புதன்கிழமை காலை, பூ எடுப்பவர்கள் கிளம்பி, பூ வண்டியும் போன பிறகு வேலை தொடங்கியது. பாத்திக்கு நடுவே வரிசையாக, ஆணி வைத்த சின்னச் சின்ன டப்பாக்களை நட்டாள். அவைதான் நிலத்தின் காதுகள். ஓர் இரும்புத் தகட்டைத் தரையில் வைத்து, "அடிங்க மாமா" என்றாள். நான் அடித்தேன். தகடு நகர்ந்தது; நான் உட்கார்ந்தேன்.

"அடி விழுந்ததா?" என்று கேட்டேன்.

"நீங்க விழுந்தது நல்லாப் பதிவாயிருக்கு மாமா. தகடு பதியல."

மதியத்துக்குள் ஒருவாறு கை பழகிவிட்டது. உள்ளங்கை கொப்பளித்து, மறுவாரம் முழுக்கப் புத்தகங்களை முழங்கையால் தள்ளிக்கொண்டிருந்தேன் என்பது வேறு கதை.

அடித்து முடித்ததும்தான் சிக்கல் புரிந்தது. சத்தம் கீழே போய்ப் பாறையில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆனது என்று டப்பாக்கள் சொல்லிவிடும். எந்த வேகத்தில் போனது என்று சொல்லாது. வேகம் தெரிந்தால்தான் நேரம் ஆழமாக மாறும்; படமும் சரியாக விழும். "பக்கத்துக் காடுகள்ல போர் போட்டப்ப எத்தனை அடியில பாறை தட்டுச்சுன்னு கேட்டுட்டு வாங்க. அத வச்சு வேகத்தக் கணக்குப் போட்டுரலாம்" என்றாள். இது என் துறை. குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கிழக்குக் காட்டுக்காரரின் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் நின்றுகொண்டே, "தண்ணியா? எங்கண்ணே வருது. மேலருந்தே பாறைதான். ஆயிரம் அடி ஓட்டி, இந்தா, நாக்க நனைக்கத்தான் காணும்" என்றார். வழிந்த தண்ணீரில் என் செருப்பு மிதக்கப் பார்த்தது. நான் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. அவர் சொன்னதைத்தான் குறித்துக்கொண்டேன்.

மேற்குக் காட்டுக்காரர் போர் போட்டுத் தோற்றவர் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் மகனுக்குப் பெண் பார்க்கிறார். "நூறு அடிக்குப் பாறையே கெடையாதுங்கறேன். வெண்ணெயில கத்தி எறங்குன மாதிரி எறங்குச்சு. எரநூறுல தண்ணி பீச்சியடிச்சிருச்சு" என்றார். பெண்வீட்டார் அனுப்பி வந்தவன் என்று என்னை நினைத்துவிட்டார் போலிருக்கிறது. காபியும் கொடுத்தார்.

எங்கள் பக்கத்தில் தண்ணீர் உள்ளவன் இல்லை என்பான், கண் பட்டுவிடும் என்று. இல்லாதவன் உண்டு என்பான், மானம் போய்விடும் என்று. ஐம்பது வருஷமாக இந்த மண்ணில் சோறு தின்கிற எனக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் நோட்டில் எழுதியதும் அது தகவல் ஆகிவிடுகிறது. நூலகத்தில் வேலை பார்ப்பதில் உள்ள கோளாறு இது.

அவள் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாள். கிழக்குக் காட்டை நம்பினால் எங்கள் மண்ணில் சத்தம் டவுன் பஸ்ஸைவிட மெதுவாகப் போனது. மேற்குக் காட்டை நம்பினால் இரும்பில் போவதைவிட வேகமாகப் போனது. இரண்டு காட்டுக்கும் நடுவே இருப்பது எங்கள் நாலு ஏக்கர்தான்.

"விடுங்க மாமா. வேகமே வேணாம்" என்றாள்.

"அதெப்படி?"

"தெரியாதுன்னா எல்லா வேகத்தையும் வச்சுப் பாத்துர வேண்டியதுதான். ஒவ்வொன்னுக்கும் ஒரு படம் போடுவேன். தப்பான வேகத்துல கோடு மேலயோ கீழயோ வளைஞ்சு போகும். ஆனா அந்த வளைவோட உச்சி மட்டும் எல்லாப் படத்துலயும் ஒரே எடத்துலதான் நிக்கும். எல்லாத்தையும் ஒன்னு மேல ஒன்னு கூட்டுனா, வளைஞ்சதெல்லாம் ஒன்னையொன்னு அழிச்சுக்கும். உச்சி மிஞ்சும்."

எனக்கு உடனே பிடிபட்டது. எங்கள் பங்காளிச் சண்டையை ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். யார் முதலில் கை நீட்டியது என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் எல்லார் கதையிலும் அண்டா கவிழ்ந்த இடம் மட்டும் அடுப்படி வாசல்தான்.

வியாழன் மதியம் படம் தயாரானது. சாம்பல் நிறக் கோடுகளுக்கு நடுவே ஓரிடத்தில் பாறை உடைந்து கீழே இறங்கியிருந்தது. தண்ணீர் தேங்கினால் அங்கேதான் தேங்கும் என்றாள். மேலே பார்த்தால், காட்டிலேயே நன்றாகப் பூக்கிற வரிசை. ஈசானி மூலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

"எத்தனை அடி தாயி?" என்று கேட்டார் மச்சான்.

"அடி தெரியாதுப்பா. எடம்தான் தெரியும்."

"வண்டிக்காரன் அடிதான கேப்பான்."

"தெரியாததத் தெரியும்னு எப்படிப்பா சொல்லுவேன்?"

அக்கா குறுக்கே வந்தாள். "பூ புடிக்கிற செடிய யாராச்சும் வெட்டுவாகளா? வண்டி உள்ள வரணும்னா மூணு வரிசை போகுமே."

மச்சான் மடிக்கணினித் திரைக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார். பிறகு, "மொத போரு போட்டப்ப நீ ஹாஸ்டல்ல இருந்த. எங்க போட்டேன்னு உனக்குத் தெரியாது. மூடி உழுதாச்சு. வடக்கருந்து ஒம்பதாவது டப்பா பக்கம். அங்க உம் படத்துல என்ன இருக்கு?" என்றார்.

அவள் விரல் வைத்துக் காட்டினாள். அங்கே கோடு ஒரு கீறல்கூட இல்லாமல் நேராக ஓடியது. "முழுப் பாறைப்பா. ஒடசலே இல்ல."

முதல் போரைத் துளைத்த அன்று கடைசிவரை ஒரே மாதிரிக் கத்திக்கொண்டிருந்த இரும்பின் சத்தம் மச்சான் காதில் விழுந்திருக்க வேண்டும். அரிவாளை எடுத்துக்கொண்டு போனார். மூன்று வரிசையையும் அவரே வெட்டினார். கூலிக்கு ஆள் வைக்கலாமே என்றேன். "வளத்தவன் வெட்டுனாத் தாங்கும் மாப்ள" என்றார். நான் வெட்டிய செடிகளை வரப்பில் அடுக்கினேன்.

வெள்ளிக்கிழமை வண்டி வந்தது. வெள்ளைப் புழுதி எழுந்து எல்லாரையும் மாவு மில்லில் வேலை பார்ப்பவர்களாக்கியது. மச்சான் வண்டிக்கு முதுகைக் காட்டி நின்றார். மகள் துளைக்குள் இறங்கும் குழாய்களை எண்ணினாள். செத்த நேரத்தில் இரும்பின் குரல் மாறியது. புழுதி கறுத்து, சேறாகி, பிறகு கலங்கலாகப் பீச்சியது. "ஒன்றரை இஞ்ச் தண்ணி இருக்கும்ணே" என்றார் வண்டிக்காரர். ஆறு ஒன்றும் ஓடிவிடவில்லை. மல்லிகைக்குப் போதும்.

சாயங்காலம் புழுதி அடங்கியதும் மச்சான் கயிற்றில் கல்லைக் கட்டிப் போருக்குள் விட்டார். மகள் முழம் போட்டாள். கயிறு தளர்ந்ததும் மேலே இழுத்து, நனைந்த இடம்வரை எண்ணித் தண்ணீர் நிற்கும் ஆழத்தைச் சொன்னாள். பாறை உடைந்த ஆழத்தைக் காலையிலேயே வண்டிக்காரரிடம் வாங்கி வைத்திருந்தாள். "இப்ப வேகத்தப் போட்டுரலாம்" என்று வீட்டுக்குள் ஓடினாள்.

மச்சான் கயிற்றைச் சுருட்டாமல் அதன் நுனியை என்னிடம் நீட்டினார். "புடிச்சுப் பாரு மாப்ள."

கொப்பளித்த கையில் ஜில்லென்று இருந்தது.