நூற்றெட்டுக் குதிகால்

மொரப்பூர்ப் பக்கம் தக்காளி போடும் குப்புராஜுக்கு எதையும் கொஞ்சமாகச் செய்யத் தெரியாது. ஒரு மூட்டை யூரியா போடச் சொன்னால் இரண்டு போடுவார். போன வருஷம் செடியெல்லாம் கருகிப்போனபோது வெயில்மேல் பழியைப் போட்டார். வெயில் எதிர்த்துப் பேசவில்லை.

மகள் கலைமதிக்கு எட்டு வயது. ஈரக்காலோடு நடந்தால் தரையில் பாதம் முழுசாகப் பதியும். ஓடினால் கணுக்கால் வலிக்கும். பிசியோதெரபிஸ்ட் பிரியதர்ஷினி அவளை நுனிக்காலில் நிற்கச் சொன்னார். தட்டைப் பாதத்தில் வளைவு எழுந்தது.

"பாத்தீங்களா? வளைஞ்சு குடுக்கிற பாதந்தான், பயப்பட ஒண்ணுமில்லைங்க. இப்படியே குதிகாலைத் தூக்கி மெதுவா எறக்கணும். தினம் பத்துத் தடவை. வலிச்சா நிறுத்திடணும்."

பத்தா! பஸ்ஸில் திரும்பும்போதே குப்புராஜுக்கு அது உறுத்தியது. தீர்த்தமலைச் சாமிக்கே நூற்றெட்டுச் சுற்று சுற்றியவர், பெற்ற மகளுக்குப் பத்தோடு நிறுத்துவாரா?

மறுநாளிலிருந்து விடிந்ததும் வீட்டு உள்ளறையில் கலைமதியின் குதிகால் சத்தம் கேட்கத் தொடங்கியது. தொம். தொம். தொம். கதவுக்கு வெளியே உட்கார்ந்து அவர் நூற்றெட்டு வரை எண்ணினார்.

"டாக்டரம்மா பத்துதானுங்களே சொன்னாங்க?" என்றாள் மனைவி நிர்மலாதேவி.

"அது ஊருக்குச் சொல்றதுடி. நம்ம புள்ளைக்கு நாமதான் சேத்துச் செய்யணும்."

"அப்பா, வலிக்குதுப்பா!"

"வலிச்சாத்தான் கண்ணு வேலை செய்யுதுன்னு அர்த்தம். எழுபத்தி ரெண்டு."

மூன்றாம் வாரம் கலைமதி வலி என்று சொல்வதை விட்டுவிட்டாள். குணமாகிவிட்டதென்று குப்புராஜ் டீக்கடையில் அறிவித்தார். ஐந்தாம் வாரம் சத்தம் மாறியது. அதுவரை சேர்ந்து விழுந்த இரண்டு குதிகாலும் இப்போது முன்னும் பின்னுமாக விழுந்தன. பிறகு ஒருநாள் ஒற்றைக் காலின் சத்தம் மட்டும் வந்தது. கதவைத் திறந்து பார்க்க ஏனோ அவருக்குக் கை வரவில்லை. எண்ணிக்கையை மட்டும் விடவில்லை.

அடுத்த தடவை பிரியதர்ஷினி வலது குதிகாலைத் தொட்டதும் கலைமதி பல்லைக் கடித்தாள். வீங்கியிருந்தது.

"தினம் எத்தனை தடவை செஞ்சீங்க?"

வாழ்க்கையிலேயே முதல்முறையாகக் குப்புராஜ் ஒன்றைக் குறைத்தார். "பத்துதாங்க."

"பத்துக்கு இப்படி வீங்காதே..." பிரியதர்ஷினியின் முகம் மாறியது. "அப்ப நான் நெனச்சது இல்ல இது. உள்ள எலும்போட எலும்பு ஒட்டியிருக்கலாம். தருமபுரிக்கு எழுதித் தர்றேன், ஸ்கேன் எடுத்துப் பாக்கட்டும். ஆபரேஷன்கூடத் தேவைப்படலாம்."

பேனா ஓடியது. குப்புராஜ் சுவர் காலண்டரில் ராகுகாலம் எப்போது என்று மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

கலைமதி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ரகசியம் பேசுவதாக நினைத்து, அறை முழுக்கக் கேட்கும்படி கேட்டாள்:

"அப்பா, மீதித் தொண்ணூத்தெட்டை நான் சொல்லட்டுமா?"

பேனா நின்றது.