சிவப்புக் காரின் பின்விளக்கு

செய்தி வந்தபோது காலை பதினோரு மணி. விழுப்புரத்தில் எங்கள் அலுவலகத்தில் டீ கொடுத்துக்கொண்டிருந்த நேரம். திண்டிவனத்திலிருந்து போன் என்றார்கள். கடையில் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே அண்ணன் சாய்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது என்று பக்கத்துக் கடை சீனுவாசன் சொன்னார்.

அண்ணன் ஜீவகன் கார், லாரிகளுக்கு எலெக்ட்ரிக் வேலை பார்த்தவர். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவது, ஊரார் நயினார் என்று கூப்பிடும் எங்கள் சமணக் குடும்பங்களின் வழக்கம். அவர் அதை ஒருநாளும் மீறாமல் இருட்டுமுன் கடையைப் பூட்டிவிடுவார். ஆனால் விளக்குக் கோளாறு இருட்டில்தான் நன்றாகத் தெரியும். அதற்காகவே ஒரு கறுப்புக் கம்பளி வைத்திருந்தார். பட்டப்பகலில் அதைத் தலையோடு போர்த்திக்கொண்டு, வண்டிக்குள் தனக்கு வேண்டிய இருட்டை உண்டாக்கிக்கொள்வார். வெளியே வரும்போது குளத்தில் முங்கி எழுந்தவர் போல வேர்த்திருக்கும். முகத்தில் மட்டும் சிரிப்பு குறையாது.

அழுகை பகலோடு ஓய்ந்தது. இப்போது நினைவில் நிற்பது சக்கரபாணியின் கார்தான்.

பெருமுக்கல் விவசாயி சக்கரபாணி, புதுச்சேரியில் யாரோ விற்ற பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை ஆசைப்பட்டு வாங்கியிருந்தார். இரண்டு பேர்தான் உட்காரலாம். கூரையைப் பின்னால் மடித்துவிடலாம். வாங்கியவர் அதை, எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலை மூட்டைகளை அடுக்கும் கொட்டகையில் நிறுத்திவைத்தார். எண்பத்தாறில் மகள் கிருஷ்ணவேணியின் கல்யாணத்துக்காக வெளியே எடுத்தால், டேஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை. பின்விளக்கும் எரியவில்லை. அவர் வண்டியோடு கடைக்கு வந்த அன்று விடுமுறை என்பதால் நானும் அங்கே இருந்தேன்.

"நயினாரே, நாளன்னிக்கு சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. இந்த வண்டியிலதான்னு சம்பந்திகிட்ட வாய வுட்டுட்டேன். பின்னால வெளக்கு இல்லாம மெயின் ரோட்ல எப்டி எடுத்தார்றது?"

"ஃப்யூஸ் மாத்திப் பாத்தீங்களா?"

"போடப் போட எரிஞ்சி பூடுது. பேஜாரு புடிச்ச வண்டி!"

இரண்டு விளக்குக்கும் ஒரே ஃப்யூஸ். எங்கோ ஒயர் தோலுரிந்து தகட்டைத் தொடுகிறது என்றார் அண்ணன். ஃப்யூஸ் இருந்த இடத்தில் ஒரு ஹெட்லைட் பல்பை மாட்டினார். ஒயர் தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்ததால் அது பளிச்சென்று எரிந்தது.

"ஜெயா, இதப் பாத்துக்கினே இரு. மங்குச்சின்னா கொரல் குடு. அந்த எடத்துலதான் கோளாறு."

சின்ன டார்ச்சோடு கம்பளிக்குள் புகுந்து ஒயர்களை ஒவ்வொன்றாக அசைத்தார். சற்று நேரத்தில் பல்பு மங்கியது.

"ண்ணா, மங்கிடுச்சி!"

 அண்ணன் உள்ளேயிருந்து மெல்லச் சொன்னார்: "எலி கடிச்சிக்கீது. இங்கியே கூடு கட்டி குட்டி போட்டுக்கீது. கண்ணு கூட தொறக்கல."

சக்கரபாணியும் கம்பளிக்குள் தலையை விட்டார். தெருவில் போனவர்களுக்குத் தெரிந்தது இரண்டு பேரின் முதுகு மட்டும்தான்.

"தூக்கி அந்தாண்ட போடு நயினாரே!"

"நான் மாட்டேன்."

"நவுரு, நான் போடறேன்."

"என் கடையில நடக்காதுங்க."

"கல்யாணம் என் பொண்ணுக்கா, எலிக்கா?"

"எலிக்குக் கல்யாணம் முன்னியே ஆயிட்ச்சி."

சக்கரபாணி சிரிக்கவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டார். "உனுக்கு வெளாட்டா கீது. வண்டி வரலைன்னா சம்பந்தி என்னை ஒண்ணும் சொல்ல மாட்டாரு. எம் பொண்ணுதான் ஆயுசுக்கும் குத்திக்காட்டற பேச்சு கேக்கும்."

அண்ணன் மறுபடியும் கம்பளிக்குள் புகுந்தார். பழைய ஒயரைக் கூட்டுக்கு இந்தப் பக்கமே வெட்டினார். புது ஒயர் எடுத்து, கூட்டைத் தொடாமல் எதிர்ப்பக்கமாகச் சுற்றிக் கொண்டுபோனார். பின்விளக்கு எரிந்தது. டேஷ்போர்டில் மீட்டர்கள் வெளிச்சமாயின. பெட்ரோல் முள் மட்டும் இருட்டில் நின்றது. அதன் பல்பு கூட்டுக்குள்ளேயே இருந்தது.

"அது?"

"ஃபுல்லா ரொப்பிக்கினு கெளம்புங்க, பாக்க வேண்டியதே இல்ல. குட்டிங்க போனதும் கொண்டாங்க. ஒரு ஒயருதான்."

"மாப்பிள்ளை கால்ல எலி ஏறினா?"

"பொண்ணு வூட்டு சீருன்னு சொல்லிடுங்க."

இந்த முறை சக்கரபாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் வானத்தைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டுக்கு வீட்டை நோக்கி ஜல்தியாக நடந்தார்.

மாப்பிள்ளை அழைப்பைப் பார்க்கக் கடைத்தெரு முனையில் நின்றோம். மாப்பிள்ளை கறுப்பா சிவப்பா என்று மறுநாள் யாரோ கேட்டதற்கு அண்ணனுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஊர்வலம் திரும்பி மறையும்வரை அவர் பின்விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு இந்த நாலு வருஷத்தில் சக்கரபாணி எத்தனையோ தடவை வண்டியைக் கொண்டுவந்தார். கொட்டகையும் மூட்டைகளும் அப்படியேதான் இருந்தன. அண்ணன் கம்பளிக்குள் போவார், சிரித்துக்கொண்டே வெளியே வருவார். "மறுபடியும் குட்டிங்க. போயிட்டு அடுத்த மாசம் வாங்க." சக்கரபாணி திட்டிக்கொண்டே மல்லாட்டைப் பையைக் கொடுத்துவிட்டுப் போவார். கிருஷ்ணவேணிக்கு இப்போது ஒரு பெண் குழந்தை. புகுந்த வீட்டில் நன்றாக இருக்கிறாள்.

இன்று சக்கரபாணி அந்தக் காரில்தான் வந்தார். மாலை போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"இப்ப கூடு காலியாத்தாம்மா கீது. ஞாயித்துக்கெழம வண்டிய எடுத்தாரேன்னு நயினார்கிட்ட சொல்லியிருந்தேன்."

பெட்ரோல் முள்ளின் பல்புக்கு இன்னும் ஒயர் கொடுக்கவில்லை.