தலைமையாசிரியரின் சுருதி

அந்தப் பாடசாலையில் எனக்குக் கிடைத்த முதல் கட்டளை, பன்னிரண்டு பிள்ளைகளைப் பாடவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது. ஆசிரியர் கலாசாலைச் சூடு ஆறாமல், நெடுங்கேணிக்கு அப்பாலிருந்த குடியேற்றத் திட்டத்தில் சங்கீத ஆசிரியையாகப் போய் இறங்கியவளுக்கு இப்படி ஒரு கட்டளை!

காலையில் எல்லா வகுப்பும் மண்டபத்தில் கூடித் தேவாரம் பாடும். தலைமையாசிரியர் முன்னால் நின்று தொடங்குவார், பிள்ளைகள் பின்னால் பிடிப்பார்கள். அவருடையது ஒரு கட்டைச் சுருதி. ஐம்பது வயது ஆண்பிள்ளைக்கு அது சரி. ஏழெட்டு வயதுத் தொண்டைகள் அவ்வளவு கீழே இறங்காது. அவற்றுக்கு ஐந்து கட்டையாவது வேண்டும். இறங்கப் பார்த்த பிள்ளைகள் உறுமினார்கள். இறங்க மாட்டாமல் தங்களுக்கு வாய்த்த உயரத்திலேயே பாடிய பன்னிரண்டு பேரைத்தான் அவர் கடைசி வரிசைக்குத் தள்ளியிருந்தார். "வாயை மட்டும் அசைக்க வேணும். சத்தம் வரப்படாது" என்பது அவர்களுக்கான சட்டம்.

சுருதிப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு கட்டைத் துளையைத் தவிர மற்றவற்றையெல்லாம் மெழுகு ஊற்றி அடைத்திருந்தார். யாரும் மாற்றிவிடக் கூடாதாம்.

"சேர், சுருதியைக் கூட்டினால் எல்லாப் பிள்ளையளும் பாடுவினம்" என்றேன்.

"கூட்டினா நான் எப்பிடிப் பாடுறது, பிள்ளை?"

நீங்கள் பாடத் தேவையில்லை என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன். அவர் விடவில்லை. "இதுகள் வயலிலை குரங்கு கலைக்கிற தொண்டையள். உங்கடை கலாசாலைச் சங்கீதம் இதுகளுக்கு ஏறாது." அவருடைய சொந்தப் பிள்ளைகள் யாழ்ப்பாணத்தில் வீணை பழகிக்கொண்டிருந்தார்கள்.

குரங்கு கலைக்கிற தொண்டைதான், இல்லையென்று யார் சொன்னது? அப்படி ஒரு தொண்டை மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமிக்கு இருந்தது. ஒருநாள் இடைவேளையில், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மண்வெட்டியோடு நின்ற தகப்பனை அவள் "அப்போ...ய்" என்று கூப்பிட்டாள். அந்தக் குரல் இம்மியும் பிசகாமல் மேல் சட்ஜத்தில் போய் நின்றது. கலாசாலையில் இரண்டு வருடம் நாங்கள் அந்த இடத்தைத் தேடித் தடவிக்கொண்டிருந்தோம். இவளோ காலையில் கடைசி வரிசையில் நின்று மீனைப்போல வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

அந்த மாதமே, பாடசாலைகளைச் சோதிக்கும் வித்தியாதரிசி வருவதாகக் கடிதம் வந்தது. சங்கீதப் பாடத்தைத் தொடர்வதா விடுவதா என்பதை அவர் பிள்ளைகளின் பாட்டைக் கேட்டுத் தீர்மானிப்பார். அவர் வருவதற்கு முதல்நாள் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பன்னிரண்டுக்கும் இன்னொருக்காச் சொல்லிவையுங்கோ" என்றார்.

சொன்னேன். என் மனதில் வேறு திட்டம் இருந்தது. வெளியே விட்டால் அவர் காதுக்குப் போய்விடும் என்று, அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். "நாளைக்கும் வாயை மட்டும் அசையுங்கோ." பாடசாலை விட்ட பிறகு கொண்டை ஊசியால் ஐந்து கட்டைத் துளையின் மெழுகைச் சுரண்டி எடுத்தேன். தங்களுடைய சுருதி காதில் விழுந்ததும் பிள்ளைகள் தாங்களாகவே பாடிவிடுவார்கள் என்று நம்பினேன். எவ்வளவு கெட்டித்தனம்!

மறுநாள் வித்தியாதரிசி கதிரையில் அமர்ந்ததும் நான் ஐந்து கட்டையைப் பிடித்தேன். தலைமையாசிரியர் என்னைப் பார்த்த பார்வையில் நெருப்பிருந்தது. ஆனால் விருந்தாளிக்கு முன்னால் என்ன செய்வார்? தொடங்கினார். முதலடியிலேயே குரல் பிளந்து இருமல் வந்தது. அவரைத் தேடி உறுமிப் பழகிய பிள்ளைகள், அவர் இல்லாத இடத்தில் ஒவ்வொருவராய் விழுந்துபோனார்கள். இரண்டாமடியில் சுருதிப் பெட்டி மட்டுமே கேட்டது.

கடைசி வரிசையில் பன்னிரண்டு வாய்கள் தாளம் தப்பாமல் திறந்து மூடிக்கொண்டிருந்தன. சத்தமில்லை. அந்த மூன்றாம் வகுப்புச் சிறுமி என்னையே பார்த்தபடி எல்லோரையும்விட அகலமாகத் திறந்தாள்.

"என்ன, ஊமைப் படமே காட்டுறியள்?" என்றார் வித்தியாதரிசி. பாடசாலையின் சம்பவத் திரட்டுப் புத்தகத்தை வாங்கி, பிள்ளைகளுக்குக் குரல்வளம் இல்லை, சங்கீத நேரத்தைத் தோட்ட வேலைக்குக் கொடுக்கலாம் என்று எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டுப் போனார்.

நான் அவளிடம் ஓடினேன். "ஏன் பிள்ளை பாடேல்லை?"

"நீங்கள்தானே ரீச்சர் சொன்னனீங்கள்." பிறகு பயந்த குரலில், "நான் வடிவா அசைச்சனான்தானே?" என்று கேட்டாள்.

என்னை நானே அறைந்துகொள்ளாதது ஒன்றுதான் குறை. நேரே காரியாலயத்துக்குப் போனேன்.

"மெழுகைச் சுரண்டினது ஆர்?" என்றார் தலைமையாசிரியர்.

"நான்தான். நாளையிலையிருந்து அந்தப் பன்னிரண்டு பேரும் முன்னுக்கு நிப்பினம். நீங்கள் பேசாமல் நில்லுங்கோ, சேர்."

அவர் சிரித்தார். "முன்னுக்கு நிப்பாட்டுங்கோவன். பாடந்தான் போயிட்டுதே."

மறுநாள் அவர்களை முன்னால் நிறுத்தி ஐந்து கட்டையைக் கொடுத்தேன். சத்தம் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. பழக்கம் தொண்டையில் உட்கார்ந்துவிட்டது. நான்காம் நாள் அவள்தான் முதலில் விட்டாள். மற்றப் பதினொன்றும் பின்னால் ஏறின. தகரக் கூரைக்குக் கீழே அப்படியொரு சத்தத்தை அந்த மண்டபம் கேட்டிருக்காது. தலைமையாசிரியர் கையைக் கட்டிக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. தேவாரம் முடிந்ததும் மூன்றாம் வகுப்புக்குச் சங்கீத நேரம். புதிய நேரசூசியில் அது தோட்ட வேலை. அவள் கையில் வாளியைக் கொடுத்து, வெண்டிப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்ற அனுப்பினேன்.