ஐம்பதாவது வரி

என் மேசை இழுப்பறையில் கோடு போட்ட இரண்டு முழுத்தாள்கள் இருக்கின்றன. ஓரமெல்லாம் பழுத்துவிட்டது. 'நான் இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டேன்' என்ற ஒரே வாக்கியம் கோணல்மாணலான கையெழுத்தில் மறுபடி மறுபடி வரும். நாலாம் வகுப்புப் படித்த என் மகள் எழுதியது என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். அப்படி நினைக்க வேண்டும் என்பதற்காகவே இடது கையால் எழுதினேன். கடைசி இரண்டு வரிகளைத் தவிர மற்றதெல்லாம் என் கைவேலை. அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. அம்பத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பத்துப் பேருக்கு வேலை சொல்லிக்கொண்டிருந்தேன்.

திருநெல்வேலியிலிருந்து வந்து காட்டுப்பாக்கத்தில் ஃபிளாட் வாங்கிக் குடியேறியவர்கள் நாங்கள். மகளை இரண்டு இட்லி சாப்பிடும் நேரத்துக்குக்கூட நாற்காலியில் பிடித்துவைக்க முடியாது. வாரத்துக்கு ஒரு தண்ணீர் பாட்டிலைத் தொலைப்பாள். ஒருநாள் கணக்கு வகுப்பின் நடுவில் எழுந்துபோய்ப் பள்ளிக்கூட மணியை அடித்துவிட்டாள். அந்தச் சுத்தியல் எவ்வளவு கனம் என்று பார்க்க ஆசையாம். பள்ளி வேன் ஓட்டுபவர்தான் சாயங்காலம் எனக்குச் செய்தி சொன்னார். "பாப்பா பெல்ல அட்ச்சிட்சு சார். ஊட்டுக்கு உட்டாங்கன்னு அல்லாப் புள்ளைங்களும் பையத் தூக்கினு வந்துட்சுங்க. மணி இன்னா தெரியுமா? பதினொன்னு." அவர் சிரித்ததைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்தது. மகளின் பள்ளி டைரியைத் திறந்ததும் அது போய்விட்டது. ஐம்பது முறை இம்போசிஷன் எழுதிவர வேண்டும், இன்னொரு புகார் வந்தால் ஆண்டு முடிவில் டி.சி. வாங்கிக்கொள்ளலாம் என்று தலைமையாசிரியை எழுதியிருந்தார்.

அன்று மாலை அவளை எழுத உட்கார வைத்தேன். மூன்றாவது வரிக்குள் ஆறு முறை எழுந்தாள். நான் அதட்டினேன். தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, "என் காலு நான் சொன்னா கேக்க மாட்டேங்குதுப்பா" என்று அழுதாள். எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. இந்தப் பள்ளியிலிருந்து அனுப்பிவிட்டால் வேறெந்தப் பள்ளி இவளைச் சேர்த்துக்கொள்ளும்? அவளை விளையாட அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு நானே எழுதினேன்.

இரண்டு நாள் கழித்து வகுப்பு டீச்சர் என்னை வரச் சொன்னார். வெள்ளானூரிலிருந்து ஷேர் ஆட்டோ மாறி மாறி வருபவர். புடவை முந்தானையில் எப்போதும் சாக்பீஸ் தூள் அப்பியிருக்கும். டி.சி.தான் என்று முடிவு கட்டிக்கொண்டு போனேன். அவர் இந்தத் தாள்களை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இது பாப்பா எழுதல சார். அவ எழுதினா நாலு வரிக்கு ஒரு கோழி நிக்கும்."

உண்மைதான். அவளுடைய எந்த நோட்டைப் புரட்டினாலும் வரிகளுக்கு நடுவே அவள் வரைந்த கோழி மேயும். கையெழுத்தைக் கெடுக்கத் தெரிந்த எனக்குக் கோழி ஞாபகம் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.

"இத மேல அனுப்புனா நாளைக்கே உங்களக் கூப்பிடுவாங்க. வந்துச்சான்னு பெரிய மேடம் கேட்டாங்க. வந்துச்சுன்னேன். வந்தது வந்ததுதானே?" என்று சொல்லித் தாள்களை மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார். "வருசப் பரீட்சை வரைக்கும் என் பொறுப்புன்னு சொல்லிட்டேன். நீங்களும் ரெண்டு வேலை பண்ணணும். புள்ளைய டாக்டர்கிட்டக் காட்டுங்க. அப்புறம், உக்காரு உக்காருன்னு சொல்றத நிறுத்துங்க. உக்காருன்னதும் உக்கார அது இன்னா பொம்மையா சார்?"

என் பெண்ணுக்கு என்ன குறை என்று வீடு வந்து சேரும்வரை கோபமாக இருந்தது. மனைவி என்னைக் கேட்காமலே டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாள். நிதானமாகப் பரிசோதித்த பிறகு, இதற்கு ஏ.டி.எச்.டி. என்று பெயர், கவனமும் உடம்பும் ஓரிடத்தில் நிற்காது, இது குறும்பும் இல்லை, நீங்கள் வளர்த்த விதமும் இல்லை என்று டாக்டர் சொன்னார். வீட்டில் வேறு யாராவது சின்ன வயதில் இப்படி இருந்தார்களா என்று கேட்டார். மனைவி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் டாக்டரின் பேனாவைக் கழற்றி ஸ்பிரிங்கை வெளியே எடுத்திருந்தேன்.

டீச்சரின் வைத்தியம் எளிமையானது. மகளின் பெஞ்சுக்குப் பக்கத்தில் தரையில் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டார். அதற்குள் அவள் நிற்கலாம், குதிக்கலாம், ஒற்றைக்காலில் ஆடலாம். கட்டத்தைத் தாண்டத்தான் கூடாது. எல்லோருக்கும் பத்துக் கணக்கு என்றால் இவளுக்கு ஐந்து. அந்த ஐந்தையும் இவளே போட வேண்டும். வீட்டுக்கு அவர் சொன்ன வழி இன்னும் விசேஷம். பத்து நிமிஷம் என்றால் அவளுக்குப் பிடிபடாது, குக்கர் விசில் பிடிபடும் என்றார். மூன்று விசில் வரும்வரை பாடம், பிறகு ஆவி அடங்கும்வரை ஆட்டம். அந்த வருடம் எங்கள் வீட்டில் எல்லாமே குக்கரில் வெந்தது. எதிர்வீட்டு அக்கா, "தினம் சாயங்காலம் அப்படி என்ன சமைக்கிறீங்க?" என்று கேட்டேவிட்டார். கணக்கு என்றாள் மனைவி.

ஆண்டு இறுதியில் தலைமையாசிரியை வகுப்பைப் பார்க்க வந்தார். அதைப் பின்னால் டீச்சர் சொல்லித்தான் கேட்டேன். தரையில் ஒன்றல்ல, நான்கு கட்டங்கள் இருந்தன. எங்களுக்கும் வேண்டும் என்று கேட்ட மற்ற பிள்ளைகளுக்கும் போட்டுக் கொடுத்திருக்கிறார். என் மகள் தன் கட்டத்துக்குள் ஒற்றைக்காலில் நின்றபடி பதினாறாம் வாய்ப்பாட்டைத் தப்பில்லாமல் ஒப்பித்தாளாம். தலைமையாசிரியை அவளையும் தரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டு கால்லயும் நின்னு சொல்லக் கூடாதா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாராம். ஏப்ரலில் வந்த அட்டையில் ஐந்தாம் வகுப்புக்குத் தேர்ச்சி என்று இருந்தது. நான் அதை ஆபீஸ் கழிப்பறைக்கு எடுத்துப்போய் வைத்துக்கொண்டு அழுதேன்.

இந்த மே மாதம் மகள் பிளஸ் டூ தேறினாள். இன்றும் பாட்டில் தொலைக்கிறாள். மருந்தும் பயிற்சியும் சுவரெல்லாம் ஒட்டிய ஞாபகச் சீட்டுகளுமாகத்தான் படித்தாள். ஓய்வுபெற்றுவிட்ட டீச்சரைப் பார்க்க வெள்ளானூருக்கு ஸ்வீட்டோடு போனோம். அவர் பீரோவிலிருந்து இந்தத் தாள்களைக் கொண்டுவந்து, "உங்க ஹோம்வொர்க் சார்" என்று என் கையில் கொடுத்தார். அடியில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு இருந்தது. அன்று என் கண்ணில் படாதது. 'நாற்பத்தெட்டுதான் இருக்கிறது. அப்பாவாலும் உட்கார முடியவில்லை.'

இத்தனை வருடமாக ஐம்பதையும் எழுதி முடித்ததாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த அறையில் நான் எத்தனை முறை எழுந்திருப்பேன் என்று இப்போது யோசித்தால் ஞாபகம் இல்லை. எட்டு வருடமாக இந்த மனுஷி அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் மகள், "குடுப்பா, ரெண்டுதானே, நான் எழுதித் தரேன்" என்று பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். நாற்பத்தொன்பதாவது வரியை எழுதினாள். அதன் கீழே ஒரு கோழி போட்டாள். ஐம்பதாவது வரியில் 'நான் இடத்தை விட்டு' என்று எழுதும்போது கீழே வாசலில் ஏதோ சத்தம். என்னவென்று பார்க்க பால்கனிக்கு ஓடிவிட்டாள்.

மீதியை நானே எழுதி முடித்துவிடலாம் என்று பேனாவை இடது கையில் எடுத்தேன். அப்புறம் மூடியைப் போட்டு வைத்துவிட்டு, அப்படி என்னதான் சத்தம் என்று பார்க்க நானும் எழுந்து போனேன்.