உப்பு ஏறாத கிணறு

ஆழ்வார்பேட்டையில் மூன்று மாடிக் கடை கட்டினேன். மயிலாப்பூரில் வண்டி நுழையாத சந்துக்குள் செங்கல்லைத் தலைச்சுமையாகவே கொண்டுபோய் ஒரு கல்யாண மண்டபத்தை எழுப்பினேன். திருவான்மியூரில் கடலோர மணலில் இந்த அடுக்குமாடியை நிறுத்தி, அதிலேயே எனக்கும் ஒரு வீடு வாங்கிக்கொண்டேன். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாமல் சித்தாளாக நுழைந்தவன் நான். யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை.

இந்தக் கட்டடத்து மொட்டைமாடி மழையெல்லாம் மண்ணுக்குள் இறங்கட்டும் என்று, வாசலில் அகலமான உறைகிணறு ஒன்றையும் தோண்டினேன். மணலுக்கடியில் நல்ல தண்ணீர் குறைந்தால் அந்த இடத்தைக் கடல் பிடித்துக்கொள்ளும். குடியிருப்போர் சங்கத்துக்கோ கார் நிறுத்த இடம்தான் பெரிது.

"கிணத்த மூடிடலாம் மேஸ்திரி" என்றார் செயலாளர். சொந்த வீட்டுக்காரனான பிறகும் அவருக்கு நான் மேஸ்திரிதான்.

மண் லாரி வந்த காலையில் கிணற்று மூடிமேல் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

"எழுந்திருங்கோ, டிரைவர் கத்தறான்" என்றார் செயலாளர்.

"என்னையும் சேத்து மூடு நைனா. அப்பால மேல காரு வுட்டுக்கோ."

லாரி திரும்பிப் போனது. அதன்பிறகு வெகுகாலம் எவரும் என்னோடு பேசவில்லை.

இன்று தெருவில் மற்ற வீட்டு ஆழ்துளைக் கிணறுகளிலெல்லாம் உப்புத் தண்ணீர். எங்கள் தண்ணீரில் மட்டும் பருப்பு வேகிறது.

போன மாதம், கடலைப் பற்றிப் படித்த ஒரு அம்மாவை அழைத்துக் கூட்டம் போட்டார்கள். பனிமலைகள் உருகுகின்றன, சூட்டில் கடல்நீரே விரிகிறது, உயரும் கடல் நிலத்தடியில் உள்ளே தள்ளிக்கொண்டு வருகிறது என்றார் அவர். மழைநீரை இறக்கினால் கொஞ்சகாலம் தாக்குப்பிடிக்கலாம், கடல் ஏறிக்கொண்டே போனால் அதுவும் போதாதாம். பனிமலைச் சங்கதி எனக்குப் புதிது.

அடுத்து செயலாளர் மைக்கைப் பிடித்தார். "வாசல்ல இருக்கற கிணறு, எங்க சங்கம் அப்பவே தொலைநோக்கோட பண்ணின ஏற்பாடு."

எழுந்தேன். "யாரு பண்ண ஏற்பாடு?"

"மேஸ்திரி, விருந்தாளி முன்னாடி வேண்டாமே."

பின்வரிசையிலிருந்து என் மனைவி கத்தினாள்: "இன்னாத்துக்கு வேணாம்? மண்ணு லாரிய இட்டாந்தது நீங்கதான சார்? அத்தச் சொல்ல வாய் வர்லியா?"

கூட்டமே சிரித்தது. செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை.

இப்போது கிணற்றடியில் சங்கத்தின் பெயரில் பலகை வைக்கப் போகிறார்களாம். கடல் நெருங்குகிறது. நாளைக்குப் பக்கத்துத் தெருக்காரன் இப்படியொரு கிணறு தோண்ட யாரைப் போய்க் கேட்பான்? மூட வந்தவனையா? பலகையின் முதல் வரியில் என் பெயர் இருக்க வேண்டும். தோண்டியவன் நான், மூடவிடாதவனும் நான். இரண்டையும் எழுதுங்கள். எழுதாத பலகையை என் கையாலேயே பிடுங்கி எறிவேன்.